கண்ணாடியில் ஓடி வருபவர்கள்

ஜன்னல் இல்லாத அறைதான் மலிவு.
நான்காம் தளம், கப்பலின் நடுவயிறு.
"நடுவில் ஆட்டம் தெரியாது, மிஸஸ் ப்ரோதரோ" என்றாள்
ஸ்வான்ஸியில் சீட்டு எழுதிய பெண்.
முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவளிடம்
சொல்ல வேண்டிய விஷயமா அது?
கடைசி இருக்கைக்காரர்கள்தானே
ஒவ்வொரு பள்ளத்துக்கும் என்னைத் திட்டினார்கள்.

விளக்கை அணைத்தால்
இமையை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான்.
மூன்று மணி என்கிறது கைக்கடிகாரம்,
எந்த மூன்று என்று சொல்லவில்லை.
தொலைக்காட்சியில் ஒரு அலைவரிசை உண்டு,
கப்பலின் மூக்கில் மாட்டிய கேமரா காட்டுவது.
கடல், கடல், கொஞ்சம் மழை.
அதை இரவெல்லாம் ஓடவிட்டேன்.
பால்கனிக்காரர்கள் எண்ணூறு பவுண்டு கூடக் கொடுத்திருந்தார்கள்
இதே தண்ணீருக்கு.

பிஸ்கே விரிகுடாவில் இரண்டாம் இரவு
தாழ்வாரத்துக் கைப்பிடி நெடுக
காகிதப் பைகளைச் செருகிவிட்டுப் போனார்கள்.
அவற்றைப் பார்த்ததும்தான் பாதிப் பேருக்குக் குமட்டியது.
எனக்கும்.
அறையைக் கவனிக்கும் ரொடெலியோ
பச்சை ஆப்பிள் இரண்டும் உப்பு பிஸ்கட்டும் கொண்டுவந்தான்.
"தூரத்தில் அசையாத ஒன்றைப் பாருங்கள், மேடம்."
எதைப் பார்ப்பது?
ஆணியில் தொங்கிய கோட்டுகூட
யாரையோ தேடுவதுபோல் இப்படியும் அப்படியும் திரும்பியது.
நீ எதைப் பார்ப்பாய் என்று கேட்டேன்.
கைபேசியைத் திறந்து காட்டினான்:
இலோய்லோவில் மகள், நான்கு வயது.
அவளோடு இருந்ததை மாதக் கணக்கில் வைத்திருந்தான்.
பதினொன்று.

சாப்பாட்டு மேசையில் எட்டுப் பேர்.
பல் மருத்துவர் ஹார்ட்நலுக்கு இது நாற்பத்து மூன்றாவது பயணம்.
ஊர்களை அவர் நினைவில் வைத்திருப்பது
எந்தக் காப்பிக் கடையில் இணையம் இலவசம் என்பதைக் கொண்டு.
"சுவர் இரும்பு, காந்தக் கொக்கி கொண்டுவர வேண்டும்.
மாத்திரைகள் கைப்பையில்.
கடைசி இரவு பெட்டியை வாசலில் வைக்குமுன்
மறுநாளுக்கு ஒரு கால்சட்டை எடுத்து வையுங்கள்.
இரவு உடையோடு சுங்கம் கடந்த நீதிபதி ஒருவரை எனக்குத் தெரியும்."
சிரித்தோம். சூப்பு
கிண்ணத்தின் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

ஃபூன்ஷாலில் நாலரைக்குள் ஏறிவிட வேண்டும்.
ஐந்தாக ஐந்து நிமிடம், ஒலிபெருக்கி
ஒரே இரண்டு பெயர்களை மூன்றாம் முறை அழைத்தது.
மேல்தளம் நிரம்பிவிட்டது.
கோப்பையோடு வந்தார்கள், பந்தயம் கட்டினார்கள்,
ஹார்ட்நல் பைனாகுலரைக் கொண்டுவந்தார்.
ஏணியை உள்ளே இழுத்தாயிற்று. கயிறு தண்ணீரில் விழுந்தது.
அப்போதுதான் கிடங்குகளுக்கு நடுவிலிருந்து வந்தார்கள்.
அவர் வைக்கோல் தொப்பியைப் பிடித்தபடி,
அவள் செருப்பு இரண்டும் கையில்.
மேலே கைதட்டல். விசில்.
நூறு கைபேசிகள் அவர்களை எடுத்து வைத்துக்கொண்டன.

நான் வேறு பக்கம் பார்த்தேன்.
மாலுமி மேடையின் ஓரத்தில் வெள்ளைச் சட்டை ஒன்று
கரையைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்து நின்றது.
அந்தக் கழுத்தை எனக்குத் தெரியும்.
திரும்பக் கூடாது என்று
நரம்பு புடைக்க நிற்கும் கழுத்து.
உள்ளே முப்பது பேர், ஆளுக்கு ஒரு நிமிடம்,
ஆக அரை மணி நேரம் என்று
கியரை மாற்றும்போதெல்லாம் கணக்குச் சொல்வேன்.
கணக்கு சரிதான்.

ஒருமுறை, நவம்பர், நல்ல தூறல்,
பக்கக் கண்ணாடியில் ஒருவன் கேக் பெட்டியோடு ஓடி வந்தான்.
இரண்டு கையிலும் ஏந்தி, சாயவிடாமல்.
அதனால் அவனால் கை காட்ட முடியவில்லை.
கை காட்டாதவர்களுக்கு நிறுத்த வேண்டியதில்லை,
விதி அது.

கீழே வந்தேன்.
ரொடெலியோ அந்த இருவரின் அறையிலிருந்து
பாஸ்போர்ட்டை எடுத்துக் கரைக்குக் கொடுத்தனுப்பியாயிற்று என்றான்.
விமானத்தில் லிஸ்பன் வந்து ஏறிக்கொள்வார்களாம்,
அவர்கள் செலவில்.
மிச்சமிருந்த ஆப்பிளை அவனுக்குக் கொடுத்தேன்.

விளக்கை அணைத்தேன். கேமரா ஓடியது.
நல்லவேளை, அது முன்னால் மட்டும் பார்க்கிறது.